சுவான்ஜோவில் மூன்று வருடம்: சீனாவுக்குப் பாடம் நடத்தப் போகிறவருக்கு

கேள்வி இது: "இயற்பியலில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஆறு வருடமாகப் பள்ளியில் இருக்கிறேன். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஒரு பள்ளியிலிருந்து வேலை வந்திருக்கிறது. வெளிநாட்டு ஆசிரியருக்கு அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும்? விடுமுறையில் எங்கே போகலாம்? வீட்டில் பயப்படுகிறார்கள்."

போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2016 ஆகஸ்டிலிருந்து 2019 ஜூலை வரை அதே ஃபூஜியனில், சுவான்ஜோ என்ற கடலோர நகரத்தில், ஒரு தனியார் பள்ளியின் ஏ லெவல் (பிரிட்டிஷ் மேல்நிலைப் பாடத்திட்டம்) பிரிவில் நானும் இயற்பியல்தான் நடத்தினேன். உங்கள் வீட்டில் கேட்கும் கேள்விகளை என் வீட்டிலும் கேட்டார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. வேலைக்குப் போகிறவர்களுக்கு இசட் விசா. அதில்தான் போக வேண்டும், வேறு எதிலும் ஏறிவிடாதீர்கள். "இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. எனக்கும் ஒருவர் சொன்னார். அப்படிப் போய் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், நிலைமை மோசமாக இருந்தால் 5 முதல் 15 நாள் காவல். ஆங்கிலம் கற்பிக்கும் வேலை பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத்தான் போகும். நம்மவர்களுக்கு முறையாக வருவது கணிதம், இயற்பியல், கணினி போன்ற பாடங்கள். உங்களுக்குப் பட்டமும் இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவமும் இருப்பதால் கவலை இல்லை. ஆனால் பட்டச் சான்றிதழுக்கும் போலீஸ் நற்சான்றுக்கும் சான்றொப்பம் வாங்கி முடிக்க எனக்கு இரண்டரை மாதம் ஆனது. இன்றைக்கே தொடங்குங்கள்.

போய் இறங்கி வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது வருடம் வீடு மாறியபோது பதிவதை நான் மறந்துவிட்டேன். எச்சரிக்கையோடு விட்டார்கள், ஆனால் அன்று முழுக்க வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. வீடு மாறினாலும் பதிய வேண்டும் என்பதை மனதில் வையுங்கள்.

போன் விஷயம் வீட்டாருக்கு முக்கியம். கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் எதுவும் அங்கே சாதாரணமாகத் திறக்காது. என் காலத்தில் அம்மாவின் போனில் வீசாட் என்ற சீனச் செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். 2020இல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டதால் இப்போது அந்த வழி இல்லை. உங்கள் இந்திய சிம்மை ரோமிங்கோடு வைத்திருங்கள். ரோமிங் டேட்டா நம் ஊர் நிறுவனம் வழியாகவே போவதால் வாட்ஸ்அப் அதில் வேலை செய்யும். அங்கே உங்களுக்கு வீசாட்டும், பணம் செலுத்தும் செயலியான அலிபேயும் இல்லாமல் ஒரு நாள் நகராது. கீரை விற்கும் பாட்டி கூடக் கூடைமேல் க்யூஆர் அட்டை வைத்திருப்பார். சம்பளக் கணக்கு திறந்ததும் முதல் வேலையாக இணைத்துவிடுங்கள்.

சரி, பள்ளிக்கு வருவோம். சீனாவில் ஆசிரியரை லாவ்ஷி என்பார்கள். வகுப்பில் மட்டும் இல்லை, வெளியிலும் அதுதான் உங்கள் பெயர். என் குடியிருப்பின் காவலாளி, பழக்கடைக்காரர், முடி வெட்டுகிறவர் எல்லோருக்கும் நான் லாவ்ஷி. சுற்றுலாப் பயணியாக ஒரு மாதம் சுற்றினாலும் கிடைக்காத ஒன்று அந்தச் சொல்லில் இருக்கிறது: அந்த ஊரில் உங்களுக்கென்று ஒரு இடம். நான் சீனாவைப் பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் நின்றுதான். அதனால்தான், விடுமுறை கிடைத்ததும் பெய்ஜிங்குக்கு ஓடாதீர்கள், முதலில் உங்கள் ஊரைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

பிள்ளைகளின் நாள் நீளமானது. காலை ஏழரைக்கு முன்பே வாசிப்பு வகுப்பு தொடங்கிவிடும். முற்பகலில் ஒலிபெருக்கியில் இசை போட்டு மைதானத்தில் உடற்பயிற்சி. பிறகு கண் பயிற்சி. எல்லோரும் கண்ணை மூடி, புருவத்தையும் கண்களுக்கு நடுவே மூக்கின் மேற்பகுதியையும் கன்னத்தையும் ஒலிபெருக்கி எண்ணுகிற கணக்குக்குத் தேய்த்துக்கொள்வார்கள். 1960களிலிருந்து நடக்கிற வழக்கம் இது. பதினொன்றரைக்குச் சாப்பாடு. அப்புறம் தூக்கம். உண்மையாகவே தூக்கம்! விளக்கை அணைத்து, மேசைமேல் குட்டித் தலையணை வைத்து, பள்ளி முழுக்க இரண்டு மணி வரை ஒரு சத்தம் இருக்காது. முதல் வாரம் அந்த நேரத்தில் ஒரு மாணவனைக் கூப்பிட்டுச் சந்தேகம் விளக்கப் போனேன். பக்கத்து மேசை ஆசிரியை மெதுவாக என் கையைத் தட்டி, வேண்டாம் என்று தலையசைத்தார். விடுதி மாணவர்களுக்கு இரவு ஒன்பதரை வரை படிப்பு உண்டு. அந்தத் தூக்கம் இல்லாவிட்டால் அவர்களால் தாங்க முடியாது என்று பிறகு புரிந்தது.

பாடம் நடத்துவதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கணக்கில் அந்தப் பிள்ளைகள் மிகவும் வலுவானவர்கள். விசையை மூன்று திசைகளாகப் பிரிக்கச் சொன்னால் நீங்கள் கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் விடை இருக்கும். ஆனால் "இந்த அளவீட்டில் பிழை எங்கிருந்து வந்திருக்கும்?" என்று கேட்டால் வகுப்பு உறைந்துவிடும். தெரியாது என்பதில்லை. எல்லோர் முன்னாலும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவலை. இரண்டு மாதம் அந்த அமைதியை நான் சோம்பல் என்று தப்பாக நினைத்தேன். பிறகு ஒவ்வொருவரும் பெயர் போடாமல் ஒரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி டப்பாவில் போடும்படி சொன்னேன். முதல் நாளே நாற்பதுக்கு மேல் சீட்டு. இரண்டாம் பருவத்தில் டப்பா தேவைப்படவில்லை. நீங்கள் முதல் வாரத்திலேயே அதைச் செய்யலாம்.

செப்டம்பர் 10 அவர்களுடைய ஆசிரியர் தினம். நமக்கு ஐந்து நாள் முன்னால் முடிந்திருக்கும். ஒரே வாரத்தில் இரண்டு முறை வாழ்த்து வரும்.

விடுமுறைக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள், பயணமெல்லாம் அதை நம்பித்தான். அக்டோபர் 1 முதல் ஏழு நாள் விடுமுறை என்று காலண்டரில் இருக்கும். ஆனால் அதில் சில நாட்கள் முன்னும் பின்னும் உள்ள சனி ஞாயிறுகளிலிருந்து கடன் வாங்கியவை. அந்த ஞாயிற்றுக்கிழமையில் திங்கட்கிழமை டைம்டேபிள்படி பள்ளி நடக்கும். அந்த ஏழு நாளில் நாடே கிளம்பிவிடும். முதல் வருடம் அதே வாரத்தில் பெய்ஜிங் போனேன். பெருஞ்சுவரில் பாதலிங் பகுதியில் கல்லைப் பார்க்கவில்லை, முதுகுகளைத்தான் பார்த்தேன். அடுத்த முறை மார்ச் மாதம் ஒரு வார நாளில் மூதியன்யூ பகுதிக்குப் போனபோது ஒரு காவல் கோபுரத்தில் அரை மணி நேரம் தனியாக உட்கார முடிந்தது. அரண்மனை நகரத்துக்கு முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட் எண் வேண்டும், திங்கட்கிழமை பொதுவாக மூடியிருக்கும். பெய்ஜிங் பற்றி இவ்வளவு போதும், அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சுவான்ஜோவைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஃபூஜியனில் எந்த ஊரில் உங்கள் வேலை என்று எழுதவில்லை. எங்கே இருந்தாலும் ரயிலில் இது பக்கம்தான்.

சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தில் (10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று இது. மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய ஊர். 2021இல் யுனெஸ்கோ இந்த நகரின் 22 இடங்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. பழைய நகரத்தில் மேற்குத் தெரு என்று ஒன்று இருக்கிறது. அதில் நடந்தால் 686இல் தொடங்கிய கைய்யுவான் கோயில் வரும். பௌத்தக் கோயில். இருபுறமும் 13ஆம் நூற்றாண்டின் இரண்டு கல் கோபுரங்கள், ஒவ்வொன்றும் 40 மீட்டருக்கு மேல் உயரம். 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்திலும் நின்றவை.

எல்லோரும் முன்பக்கம் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். அங்கே பதினாறு பட்டை வைத்த இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன. கிட்டப் போய்ப் பாருங்கள். இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். முதலை பிடித்த யானையைக் காக்க வரும் திருமால். சுவான்ஜோவில் வாழ்ந்த நம் வணிகர்கள் கட்டிய கோயில் இடிந்தபின், அதன் கற்களை அடுத்து வந்த மிங் அரசமரபின் காலத்தில் இங்கே கொண்டுவந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மண்டபத்தின் மேடையைச் சுற்றியும் சிங்க உருவங்கள் செதுக்கிய அதே கோயில் கற்கள்.

நான் வளர்ந்தது திருவானைக்காவலில். கடல்வழி அருங்காட்சியகத்தில் ஒரு புடைப்புச் சிற்பத்தின் முன்னால் நின்றபோது கால் நகரவில்லை. யானை துதிக்கையில் பூவெடுத்து லிங்கத்தை வழிபடுகிறது. எங்கள் ஊரின் தலக்கதை. சுற்றிலும் அரபி எழுத்துள்ள கல்லறைக் கற்கள், சிலுவை செதுக்கிய கற்கள். அவற்றுக்கு நடுவே, எங்கள் கோயில் தூணிலிருந்து பெயர்த்து எடுத்தது போல ஒரு யானை.

இந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203 சித்திரை மாதம், அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர் செகசைகானின் "திருமேனிக்கு நன்றாக" இருக்க வேண்டி, கானின் பர்மான்படி (அரச ஆணைப்படி), திருக்கதலீச்சரம் என்ற கோயிலில் சிவனை எழுந்தருளச் செய்ததாகச் சொல்கிறது. அந்தக் கான் குப்லாய் கான் என்பது அறிஞர்கள் கருத்து. தமிழ் வரிகளுக்குக் கீழே ஒரு வரி சீனம். நம் ஊர்க் கல்வெட்டில் சோழனுக்கும் பாண்டியனுக்கும் எழுதும் அதே வாசகத்தை மங்கோலிய அரசனுக்கு எழுதியிருக்கிறார். ஊரை விட்டு வந்து, அங்கே சம்பாதித்து, தன் மொழியில் அந்த ஊர் ராஜாவுக்காக வேண்டிக்கொண்ட மனிதர். அந்த நகரத்தில் சம்பளம் வாங்கிய எனக்கு அவர் தூரத்து ஆள் இல்லை.

இரண்டாம் வருடம் என் மாணவர்கள் பன்னிரண்டு பேரோடு அந்தத் தூண்களுக்குப் போனேன். குழந்தையிலிருந்து அந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள். யாருக்கும் அந்தச் சிற்பங்களின் கதை தெரியாது. நரசிம்மர் கதையைச் சொன்னேன்: பகலும் இல்லை, இரவும் இல்லை, உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், "லாவ்ஷி, எல்லைக்கோட்டில் எந்த விதியும் பொருந்தவில்லை, அதுதானே?" என்றாள். இயற்பியல் ஆசிரியருக்கு அதைவிட என்ன வேண்டும்?

பக்கத்திலேயே, ஜின்ஜியாங் பகுதியின் சேதியன் என்ற கிராமத்துக் கோயிலில், நான்கு கைகளோடு ஒரு கல் தெய்வம் இருக்கிறது. கிராமத்தார் அதைப் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிட்டு ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். நம் கண்ணுக்கு அது அம்மன்.

லுவோயாங் பாலத்தையும் விட்டுவிடாதீர்கள். 1053 முதல் 1059 வரை கட்டியது. கடலும் ஆறும் சேரும் இடம், அடியில் சேறு. அஸ்திவாரம் போட வழி இல்லாத அந்த இடத்தில் ஆற்றின் குறுக்கே கல்லைக் கொட்டி ஒரு படுகை உண்டாக்கி, அதன்மேல் படகு வடிவத்தில் தூண் எழுப்பினார்கள். கற்கள் பிரிந்து போகாமல் இருக்க அவற்றின்மேல் சிப்பி வளர்த்தார்கள். சிப்பி ஓடு கல்லைக் கல்லோடு ஒட்டிவிடும். டன் கணக்கில் எடையுள்ள பலகைக் கற்களைப் படகில் ஏற்றி, ஓதம் ஏறும்போது தூண்களுக்கு நடுவே கொண்டுவந்து, நீர் இறங்கும்போது கல் தானாகத் தூண்மேல் உட்காரும்படி செய்தார்கள் என்பார்கள். நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள், தூண் அடியில் சிப்பி இன்னும் தெரியும்.

சாப்பாடு. நான் சைவம். "வோ ச்சு சூ" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவன் என்று பொருள். இருந்தாலும் கீரைப் பொரியலில் பன்றிக் கொழுப்பு இருக்கும், கஞ்சியில் காய்ந்த இறால் இருக்கும், தனித்தனியாகக் கேட்க வேண்டும். பௌத்தக் கோயில் பக்கத்துச் சைவக் கடைகள்தான் கவலை இல்லாத இடம். அரிசி, காய்கறி, டோஃபு, பழம் எல்லாம் மலிவு. குக்கர், சாம்பார்பொடி, புளி, பெருங்காயம் கொண்டுபோங்கள். வெயில் நாளில் கடல்பாசியில் செய்த ஷிஹுவாகாவ் என்ற குளிர்ந்த ஜெல்லியைத் தேன் ஊற்றித் தருவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். டீ வேறு உலகம். தியேகுவான்யின் டீ விளையும் ஆன்ஷி, சுவான்ஜோவைச் சேர்ந்ததுதான். கடையில் எதுவும் வாங்காவிட்டாலும் உட்காரவைத்துக் குட்டிக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும். நான் பேசக் கற்றுக்கொண்ட சீனத்தில் பாதி அந்த மேசைகளில்தான். எதிரில் வருகிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது அவர்களுக்கும் வழக்கம், அதனால் முதல் நாளே பாதி அந்நியம் போய்விடும்.

தூரப் பயணம் ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், தூஜியாங்யான். பலர் ஷியான் மண் வீரர்களைச் சொல்வார்கள், அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நீங்கள் இயற்பியல் ஆசிரியர். 2018 ஏப்ரலில், முன்னோரை வணங்கும் சிங்மிங் விடுமுறை மூன்று நாளில், சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டு போய் அங்கிருந்து போனேன். கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர் தொடங்கிய நீர்ப்பாசன அமைப்பு. மலையிலிருந்து இறங்கும் மின் ஆற்றின் நடுவே மீன் வாய் போலக் கூர்மையான ஒரு கரை ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. உட்புற ஆறு ஆழம், வெளிப்புற ஆறு அகலம். நீர் குறைந்த காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு நீர் உள்ளே பாசனத்துக்குப் போகும். வெள்ளத்தில் அது தானாக மாறி, அதே அளவு வெளியே போகும். பழைய அமைப்பில் கதவு இல்லை, உயர்ந்த அணை இல்லை. ஆற்று வளைவில் மேல்நீர் வெளிவளைவுக்கும், மணல் சுமந்த அடிநீர் உள்வளைவுக்கும் போகும் என்ற இயல்பை வைத்தே மணலையும் ஒதுக்கியிருக்கிறார்கள். பிறகு மலையைக் குடைந்த, 20 மீட்டர் அகல வாய் வழியாகத் தண்ணீர் செங்டு சமவெளிக்கு இறங்குகிறது. இன்றும் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாய்கிறது. "மணலை ஆழமாகத் தோண்டு, கலிங்கைத் தாழ்வாகக் கட்டு" என்பது அங்கே பராமரிப்பு விதி. எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்பதற்கு ஆற்றின் அடியில் இரும்புக் கட்டைகளைப் புதைத்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். கல்லணையைப் பார்த்து வளர்ந்தவன் நான், தொங்கு பாலத்தில் நின்று இரண்டு மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் பாய்ம இயக்கவியல் பாடத்தை அந்தப் படங்களை வைத்துத்தான் நடத்தினேன்.

சிறு ஊர்களில் தங்கும்போது, வெளிநாட்டவரை ஏற்பார்களா என்று விடுதிக்கு முன்பே போன் செய்து கேளுங்கள். என்னை ஒரு ஊரில் இரவு பதினொரு மணிக்கு, பதியத் தெரியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வரவேற்பில் இருந்த பெண்ணே வெளியே வந்து, வேறு விடுதிக்கு டாக்ஸி பிடித்துக் கொடுத்தாள்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்றீர்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நான் போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 2016 செப்டம்பர் 15 அதிகாலையில் மெராண்டி என்ற சூறாவளி பக்கத்து நகரமான ஷியாமென் அருகே கரை கடந்தது. விடிந்தால் நடு இலையுதிர்கால விழா. எங்கள் குடியிருப்பில் மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, தெருவில் மரங்கள் கிடந்தன. மதியம் கதவு தட்டும் சத்தம். கணித ஆசிரியையும் அவர் கணவரும், கையில் இரண்டு வாளித் தண்ணீர். "விழா நாளில் தனியாக இருக்கக் கூடாது" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் போபிங் ஆடினோம். அந்தப் பகுதியில் அந்த விழாவுக்கென்றே உள்ள விளையாட்டு. ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஆறு பகடைகளைப் போட வேண்டும். சிவப்பு நிறத்தில் நாலு புள்ளி உள்ள பக்கம்தான் முக்கியம். மொத்தம் 63 பரிசு, எல்லாம் அரசாங்கத் தேர்வுப் பட்டங்களின் பெயரில். முதலிடம் ஒன்று, அடுத்தது இரண்டு, பிறகு நாலு, எட்டு, பதினாறு, கடைசிப் படி முப்பத்திரண்டு. நாலு பகடையில் அந்தச் சிவப்பு விழுந்தால் முதலிடம், நாடு முழுவதற்குமான தேர்வில் முதலாக வந்தவரின் பட்டம். எனக்கு ஒரே சிவப்பு விழுந்தது. உள்ளூர்த் தேர்வில் தேறியவர், பரிசு ஒரு சோப்பு. ஆசிரியையின் அம்மா, எண்பது வயதிருக்கும், எனக்காகக் கை தட்டினார். அவர் பேசியது தென் ஃபூஜியனின் மின்னான் மொழி, எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

நீங்கள் ஆகஸ்ட் கடைசியில் போய் இறங்கினால் கொஞ்ச நாளிலேயே அந்த விழா வந்துவிடும். யாராவது கூப்பிடுவார்கள், போய் உட்காருங்கள். பகடை கிண்ணத்துக்கு வெளியே விழுந்தால் அந்த முறை செல்லாது. கையைத் தாழ்த்தி, மெதுவாகப் போடுங்கள்.